எட்டுப் பேர் துணி

என் அக்கா இருசம்மாளைப் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். என்ன வேலை செய்தீர்கள்? அவளும் அலுக்காமல் ஒரே பதிலைச் சொன்னாள். "வேலை ஒண்ணும் இல்ல. சும்மா வீட்லதான்."

கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சும்மா வீட்டிலாம்! பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பாவாடை கட்டிய வயதிலேயே அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனவள் அவள். கல்யாணமானதும் தெற்கே ஒரு துறைமுக ஊருக்குப் போய், பத்துக்குப் பத்து அறையில் வருஷக்கணக்கில் குடித்தனம் செய்தாள். திரும்பி வந்தபின் ஜாசின் பாசாரில், பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில், என்னோடு சேர்ந்து தோசைக்கடை போட்டாள். மழையென்றும் காய்ச்சலென்றும் அவள் ஒரு நாள் கடைக்கு வராமல் இருந்ததில்லை. அப்படிப்பட்டவள், வேலை ஒன்றும் இல்லை என்கிறாள். டாக்டரும் தலையாட்டிக்கொண்டு அட்டையில் 'சூரி ரூமா' என்று எழுதுகிறார். மலாயில் வீட்டுக்கு ராணி என்று அர்த்தம். ராணிக்கு உள்ளங்கையெல்லாம் காய்ப்பு.

அவள் சொல்லத் தயங்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்து அத்தான் சொல்லிவிடுவார். "ஹவுஸ்வைப் லா, டாக்டர்." அவர் பெயர் வீராசாமி. கேட்டது யாரை, பதில் சொல்வது யார் என்று எனக்கு வாய் வரைக்கும் வரும். டாக்டர் முன்னால் குடும்பச் சண்டை எதற்கு என்று விழுங்கிக்கொள்வேன். அதை விழுங்காமல் இருந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

தொண்ணூற்று மூன்றில் ஆரம்பித்தது. கல்லுக்கு முன்னால் நிற்கும்போது வலது விலாவைப் பிடித்துக்கொள்வாள். மாவுப் பானையைத் தூக்கினால் மூச்சு வாங்கும். வயசாச்சு என்றாள். ஐம்பத்தைந்து ஒரு வயதா? இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று ஊசி போட்டு உறிஞ்சினார்கள். இந்த ஊரில் நெஞ்சில் நீர் கோத்தால் பெரும்பாலும் டிபிதான், மாத்திரையை ஆரம்பிக்கலாம் என்றார்கள். நீரில் கிருமி தெரியவில்லையே என்று கேட்டதற்கு, சில சமயம் தெரியாது என்றார்கள். அதுவும் உண்மையாம். எங்களுக்கென்ன தெரியும், மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தோம்.

நாங்கள் ஜாசினுக்குப் பேருந்தில் வந்து சேருவதற்குள் டிபி என்ற சொல் எங்களுக்கு முன்னால் பாசாருக்கு வந்து சேர்ந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன். மறுநாள் காலை கல் காய்ந்து கிடந்தது, பசியாற ஆள் இல்லை. பேருந்து ஓட்டும் காளிதாஸ் எங்கள் கடையில்தான் தினமும் பசியாறுவான். இஞ்சிச் சட்னி இல்லையென்றால் அக்காவோடு சண்டையே போடுவான். அவன் எங்களைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் ரொட்டிச் சானாயைப் பொட்டலமாகத் தாப்பாவ் பண்ணிக்கொண்டு, பேருந்துக்குப் பின்னால் நின்று தின்றான். ஒளிந்து தின்னத் தெரிந்தவனுக்கு எங்கள் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் போனால் யாருக்கும் தொற்றாது என்று நர்ஸ் தெளிவாகச் சொல்லியிருந்தாள். நான் அதைப் பாசார் முழுக்கச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாம் "அப்படியா சுசீலா" என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். கடைசியில் அக்காவே சொன்னாள்.

"நீ மட்டும் போ. நான் வீட்ல இருக்கேன். நான் நின்னா யாவாரம் படுத்துரும்."

"உன் கை இல்லாம அந்தத் தோசைய யாரு திங்கிறது?"

"திம்பாங்க. நோய் போனதும் நான் வந்து நிக்கிறேன். கல்ல மட்டும் யாருக்கும் குடுத்துடாத."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கல்லுக்கு முன்னால் மறுபடி நிற்க வேண்டும், தன் கையால் போட்டதை ஊர் தின்ன வேண்டும். அத்தானுக்கும் அவளுக்கும் பிள்ளை இல்லை. காலையில் பசியாற வருகிறவர்கள்தான் அவளுக்குச் சொந்தபந்தம். அவளை வீட்டில் உட்கார வைத்தது நோயைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது. அத்தானின் தம்பி பாலகிருஷ்ணன், தோட்டத்துக் கோயிலின் தலைவர், ஒரு விசேஷத்துக்கு வீட்டுக்கு வந்தபோது அண்ணிக்குத் தனி டம்ளர் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அத்தானும் டம்ளரைக் கழுவித் தனியாக வைத்தார்.

மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினாள். நீர் திரும்பத் திரும்ப ஊறியது. உறிஞ்ச உறிஞ்ச ஊறியது. ஆள் பாதியாகிப் போனாள். வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு லேடி டாக்டர் இருந்தார். அவர் மலாயில் பேச, அத்தானும் நானும் மலாயில் பதில் சொன்னோம். அக்காவுக்கும் மலாய் தெரியும், ஆனால் டாக்டர் முன்னால் அந்த ஒரே பதிலைத் தவிர அவளுக்கு எந்த மொழியும் வராது.

அந்த டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இதுவரை யாரும் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார். கூரைத்தகடு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்ததுண்டா? கொதிகலன் பக்கம்? கப்பல் பக்கம்? கப்பல் என்றதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கப்பலென்றால் அத்தானுக்கு உயிர். வெள்ளைக்காரன் காலத்தில் தெற்கே கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்தவர் அவர். பீரங்கி இவ்வளவு நீளம், நங்கூரம் இவ்வளவு கனம் என்று கேட்காமலே சொல்லுவார். ஆனால் கப்பலுக்குள் இறங்கி வேலை செய்தவரில்லை. கரையில், கருவிகள் வைக்கும் ஸ்டோரில் இருந்தார். ஸ்பானர் கொடுப்பதும் திரும்ப வாங்குவதும்தான் வேலை. பட்டறையே கரியும் எண்ணெயுமாகக் கிடந்தபோது தன் சட்டை மட்டும் வெள்ளையாக இருந்தது என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதும் வெளியே கிளம்பினால் வெள்ளைச் சட்டைதான்.

அதையேதான் டாக்டரிடமும் சொன்னார். டாக்டர் கேட்டார், "உங்கள் உடுப்பில் தூசி ஒட்டியிருக்குமா? வெள்ளையாக, பஞ்சு மாதிரி? அதை உங்கள் மனைவி துவைத்திருப்பாரா?"

"என் சட்டையில தூசியா? சான்ஸே இல்ல, டாக்டர். ஸ்டோர் அவ்ளோ சுத்தம்."

டாக்டர் யோசித்தார். கப்பல் குழாய்களுக்குச் சுற்றும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் என்ற பொருளின் தூசி நெஞ்சுக்குள் போனால் இருபது முப்பது வருஷம் கழித்து இப்படி வரும், ஆனால் அந்தத் தூசியோடு தொடர்பே இல்லாதவருக்கு இப்படி வருவது அபூர்வம் என்றார். சந்தேகம் தீர விலா வழியாகச் சின்னத் துண்டு சதை எடுத்துப் பார்க்கலாம் என்றார். அத்தான் உடனே மறுத்துவிட்டார். இருக்கிற உடம்பில் எதற்குக் கத்தி, டிபி என்று சொல்லியாகிவிட்டது, மாத்திரையில் போகும் என்றார். அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் தலையாட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திரும்பும் வழி முழுக்க பேருந்தில் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை, ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்புறம்தான் மெர்லிமாவில் எங்கள் சித்தப்பா பேத்திக்குக் கல்யாணம் வந்தது. அக்காவை வரவேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. வந்தவளைக் கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காற்று வருமாம். அவளைச் சுற்றி நாலு நாற்காலி காலியாகக் கிடந்தது. அந்தக் காலி நாற்காலிகளில் ஒன்றில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வற்றலான ஆள், மூச்சு இரைத்தது. அக்காவை உற்றுப் பார்த்தவர் சட்டென்று எழுந்து கும்பிட்டார்.

"அக்கா! இருசம்மா அக்காதான? என்னைத் தெரியலயா? ராமையா. லைன் வீட்ல உங்களுக்கு எதிர் ரூம்பு. எங்க எட்டுப் பேர் துணியும் நீங்கதான..."

"ராமையா!" என்று மண்டபத்தின் மறுகோடியிலிருந்து அத்தான் வந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. ராமையாவின் தோளில் கை போட்டு, சாப்பாட்டுப் பந்திக்குப் போகலாம் வா என்று தள்ளிக்கொண்டே போனார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எட்டுப் பேர் துணியை அவள் என்ன செய்தாள்?

பந்தி முடிந்து ராமையா வெற்றிலை போட வெளியே வந்தபோது நான் மடக்கிப் பிடித்தேன்.

"அண்ணே, எங்க அக்கா உங்க துணிய என்ன செஞ்சாங்க?"

"என்ன செஞ்சாங்களா? துவைச்சாங்கம்மா. நாங்க எட்டுப் பேரும் கட்டை பிரம்மச்சாரி. கப்பல் அடியில, பாய்லர் ரூம்புல, குழாய்க்கெல்லாம் வெள்ளையா குழைச்சுப் பூசி, மேல துணி சுத்திக் கட்டுவோம். பழச ஒடச்சி எடுக்கிறப்பதான் தூசி. பக்கத்துல நிக்கிற ஆளு தெரியாது. போர்க்கப்பல்ல கீழ காத்தே கெடையாதுல்ல? வெளிய வந்தா மாவு மில்லுல இருந்து வர்ற மாதிரி இருப்போம். எங்க துணிய எந்தத் தோபியும் வாங்க மாட்டான். அக்காதான் பாவம் பாத்து எடுத்துக்கிட்டாங்க. பாக்கெட்ட வெளிய இழுத்து உதறுனா பஞ்சு பஞ்சா பறக்கும்."

"மத்த ஏழு பேரு?"

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கையை விரித்தார். "நெஞ்சுதான். எல்லாருக்கும் நெஞ்சுதான். இப்ப நானும் இன்னொருத்தனும் மிச்சம்."

டாக்டர் கேட்ட தூசி. அத்தானின் சட்டையில் இல்லாத தூசி. அது எட்டுப் பேர் சட்டையில் அக்காவின் வாசலுக்கு வந்திருக்கிறது, இந்த மனிதர் ஸ்டோர் சுத்தம் என்று மார் தட்டுகிறார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவை அடுப்படியில் வைத்துப் பிடித்தேன். அவள் பதிலே சொல்லவில்லை. நான் கத்தினேன், கெஞ்சினேன், அழுதேன். கடைசியில் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நடுவில் காசு அளவுக்கு ஒரு பழைய சூட்டுத் தழும்பு. அடுப்பில் சுட்டுக்கொண்டது என்றுதான் நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"சூடம் அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கேன்டி," என்றாள். "மாரியம்மன் முன்னால. ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு."

"யாரு பண்ணச் சொன்னது?"

அவள் விரலை மடக்கித் தழும்பை மூடிக்கொண்டாள். அவள் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மீதியை நானே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டேன், வெகுநாள் கழித்து அத்தானே ஒப்புக்கொண்டார். அவர் சம்பளம் முழுசும் ஊருக்கு, தம்பி பாலகிருஷ்ணன் மலாக்காவில் படிப்பதற்குப் போய்க்கொண்டிருந்தது. தெற்கே அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அக்கா துவைத்த துணியில். வெள்ளைக்காரன் பட்டறையை விட்டுப் போனதும் இருவரும் ஊர் திரும்பினார்கள். அப்போது தம்பிக்குப் பெரிய இடத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணி கண்டவன் அழுக்கையும் துவைத்துப் பிழைத்தவள் என்று தெரிந்தால் சம்பந்தம் முறியுமாம். அது வேறு சாதி செய்கிற வேலையாம், நம்மில் யாரும் செய்வதில்லையாம். தோட்டத்தில் எல்லோரும் ஒரே லயத்து வீட்டு வரிசையில், ஒரே பீலிக் குழாயில் குளித்து வளர்ந்தவர்கள்தான். இருந்தும் இந்தச் சாதிக் கணக்கைக் கப்பலேறி வரும்போது கூடவே மூட்டை கட்டிக்கொண்டு வந்து, மூன்று தலைமுறையாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வேறு எதையாவது இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறோமா?

"சத்தியத்த மீறினா அவருக்கு ஏதாவது ஆயிரும்," என்று அக்கா அழுதாள்.

"சத்தியத்தக் காப்பாத்தி உனக்கு ஆயிருச்சே, அது பரவாயில்லயா?"

"எனக்கு ஆனா ஆகட்டும்."

இந்தப் பதிலைக் கேட்டு எனக்கு அவளையே அடிக்கலாம் போலிருந்தது. உள்ளபடியே சொல்கிறேன், அன்றைக்கு அத்தான் மேல் வந்த கோபத்தில் பாதி அவள் மேலும் வந்தது.

சத்தியம் செய்தது அவள், நானில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அத்தான் உட்காருவதற்கு முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். குழாய்க்குப் பூச்சு போடுகிற எட்டுப் பேர், அவர்கள் துணி, வெள்ளைத் தூசி, வருஷக்கணக்கில். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அத்தானின் முகம் கறுத்தது.

"பொய் லா, டாக்டர். இவளுக்கு என்ன தெரியும், இவ அப்ப தோட்டத்துல இருந்தா. என் சம்சாரம் அடுத்தவன் துணியத் தொட்டதே இல்ல."

டாக்டர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு அக்காவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "நீங்கள் சொல்லுங்கள். இது உண்மையா?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. அவள் கண் அத்தானைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, தன் உள்ளங்கையைப் பார்த்தது. டாக்டர் பொறுமையாக இருந்தார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, சொல்லித் தொலையேன் என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் என் கையை எடுத்துவிட்டு எழுந்தாள். நோயாளி படுக்கும் கட்டிலில் மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்தாள். ஜன்னலோரம் போய் நின்றாள்.

போர்வையின் இரண்டு முனையையும் பிடித்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு உதறினாள். மறுபடி உதறினாள். சட்டைப்பை இருக்கும் இடத்தில் விரலை விட்டு, உள்ளே இருப்பதை வெளியே இழுத்துத் தட்டுவதுபோல் தட்டினாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து முக்கினாள், தூக்கிக் கல்லில் அடித்தாள். மூச்சு இரைக்க நிறுத்தினாள். டாக்டர் பக்கம் திரும்பி, எட்டு விரலை மடக்காமல் நிமிர்த்திக் காட்டினாள்.

"ரொம்ப வருஷமா?" என்று டாக்டர் மெல்லக் கேட்டார். அக்கா தலையாட்டினாள். அத்தான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். சதைத்துண்டு எடுக்கச் சம்மதிக்கும் காகிதத்தை டாக்டர் நீட்டியபோது இந்த முறை அவர் மறுக்கவில்லை.

வெளியே வந்ததும் நான் அக்காவைக் கேட்டேன், "சத்தியம் என்னாச்சு?"

"வாயத் தொறக்க மாட்டேன்னுதான் சத்தியம்," என்றாள். "கைக்கு யாரு சத்தியம் வாங்கினா?"

இத்தனை மாதம் என்னை அலைய வைத்தவள் இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் இன்னும் எரிச்சல்.

முடிவு வந்தது. டிபி இல்லை. நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில், அந்தத் தூசியால் வந்த புற்று. யாருக்கும் தொற்றாது. குணப்படுத்தவும் முடியாது. நீரை எடுக்கலாம், வலிக்கு மருந்து தரலாம், அவ்வளவுதான். டாக்டர் இதையெல்லாம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் அழுதுகொண்டிருந்தேன். அக்கா அழவில்லை. இத்தனை மாதமாக டாக்டர் முன்னால் அந்த ஒரே பதிலைத் தவிர வாய் திறக்காதவள் முதல்தடவையாக மலாயில் ஒரு கேள்வி கேட்டாள்.

"தொத்தாதுன்னா, நான் தோசை சுடலாமா?"

டாக்டர் அவள் கையை இன்னும் விடவில்லை. "நிற்க முடிகிறவரைக்கும் சுடுங்கள்," என்றார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். எங்கள் அத்தான் அப்படி விடுகிற ஆளா? பேருந்து நிறுத்தத்தில் மெதுவாக ஆரம்பித்தார். "வெளிய யாருகிட்டயும் விவரம் சொல்ல வேணாம். பாலா காதுக்குப் போனா நல்லாருக்காது. சும்மா நெஞ்சுக் கோளாறுன்னு சொல்லிக்கலாம்."

"டிபிக்காரின்னு ஊரு சொன்னப்ப போகாத மானம், துணி துவைச்சவன்னு சொன்னா போயிருமா?" என்று நான் கேட்டது நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அக்கா என் கையைக் கிள்ளினாள்.

மறுவாரமே அவள் கல்லுக்கு முன்னால் வந்து நின்றாள். உட்கார ஒரு முக்காலியும் போட்டிருந்தேன். இஞ்சிச் சட்னி அரைத்திருந்தாள். ஆள் வரவில்லை. டிபி இல்லையாம் என்று நான் சொன்னால், பிறகென்ன நோய் என்றார்கள். கப்பல் தூசி என்றால், இருசம்மா அக்கா எப்போது கப்பலில் போனார் என்று சிரித்தார்கள். துணியைப் பற்றிச் சொல்ல நான் வாயெடுத்தால் அக்கா தடுத்தாள். "அது அவரு வாயால வரணும் சுசீலா. டாக்டர் வேற, ஊரு வேற. நாம சொன்னா அவர நடுத்தெருவுல நிறுத்தின மாதிரி ஆயிரும்." சாகப்போகிறவள் அப்போதும் அவருடைய மரியாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினமும் மாவு மிஞ்சியது. புளித்துப் பொங்கிய மாவை அவள் வீட்டுக்குத் தூக்கி வந்து, வாழைமரத்தடியில் ஊற்றுவாள். அத்தான் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார். "மிஞ்சிருச்சா?" என்று முதல் நாள் கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். ஒரு நாள் பானையைக் கவிழ்க்கும்போது அவளுக்கு மூச்சடைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தான் ஓடிவந்து பானையை வாங்கினார். வாங்கிய பானையைக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்றவும் மனமில்லாமல், கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாசாரில் நல்ல கூட்டம். அத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எங்கள் கடைப் பலகையில் உட்கார்ந்தார். கடை போட்ட இத்தனை வருஷத்தில் அவர் பாசாரில் உட்கார்ந்து பசியாறியதில்லை, பெண்டாட்டி கடையில் உட்கார்ந்து தின்பது கௌரவமில்லை என்று பார்சல்தான் போகும். "ரெண்டு போடு," என்று உரக்கச் சொன்னார். அக்கா திகைத்துப்போய்ப் போட்டாள்.

காய்கறி வாங்க வந்த பாலகிருஷ்ணன் இதைப் பார்த்துவிட்டு நின்றார். எதிர்ப்பக்கம் ரொட்டிச் சானாய்க்கு நின்ற காளிதாஸும் பார்த்தான். கேட்டது அவன்தான்.

"அண்ணே, நெசமா சொல்லுங்க. அக்காவுக்கு என்னதான் நோய்?"

அத்தான் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு எழுந்தார். "துணி துவைச்ச நோய்," என்றார். குரல் மீன்கடைவரை கேட்டது. "கப்பல்ல குழாய் வேலை செஞ்ச எட்டுப் பேர் துணிய என் பொண்டாட்டி துவைச்சா. அந்தத் தூசி நெஞ்சுல போயிருச்சு. யாருக்கும் தொத்தாது. நான்தான் வெளிய சொல்லாதன்னு சூடம் அணைக்க வச்சேன்."

"அண்ணே, என்ன பேசுறீங்க? நாலு பேரு முன்னால..." என்று பாலகிருஷ்ணன் கிட்டே வந்தார்.

"நீ இரு பாலா. உன்ன மலாக்கால படிக்க வச்சது என் சம்பளம்னுதான நெனச்சுக்கிட்டிருக்க? என் சம்பளத்த உனக்கு அனுப்பிட்டு நான் தின்னது யாரு சோறு? இவ துவைச்ச சோறு. நீ இவளுக்குத் தனி டம்ளர் வைக்கிற. நான் அதக் கழுவி வைக்கிறேன்." அதற்கு மேல் பேச முடியாமல் உட்கார்ந்தார். தோசையைப் பிய்த்தார். கண்ணீர் தட்டில் விழுந்தது, துடைக்கவில்லை.

பாலகிருஷ்ணன் காய்கறிப் பையோடு போய்விட்டார். காளிதாஸ் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்து அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தான். "எனக்கும் போடுங்கக்கா."

"கல்லு காயட்டும்," என்றாள் அக்கா. முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் துடைத்தாள்.

தோசையைத் தின்றுவிட்டு அந்தக் காளிதாஸ் என்ன சொன்னான் தெரியுமா? சட்னியில் உப்புக் கொஞ்சம் கம்மியாம். கரண்டியைத் தூக்கிக்கொண்டு அவனை அடிக்கப் போனேன். அக்கா சிரித்தாள், இருமிக்கொண்டே சிரித்தாள். அன்றைக்கு மாவு மிஞ்சவில்லை.

அதன்பின் நிற்க முடிந்த நாளெல்லாம் நின்றாள், முடியாதபோது முக்காலியில் உட்கார்ந்து கரண்டியைப் பிடித்தாள். அடுத்த தைப்பூசத்துக்கு அவள் இல்லை.

இறப்பைப் பதிய அத்தானும் நானும் போனோம். கவுண்டரில் இருந்தவர் பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, இறந்தவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதுமே உடம்பு எரிந்தது. நான் வாயெடுப்பதற்குள் அத்தான் சொன்னார், "கப்பல்காரங்க துணி துவைச்சாங்க. அப்புறம் தோசைக்கடை."

கவுண்டர்காரர் தலையாட்டிவிட்டு எழுதி, சரிபார்க்கச் சொல்லித் தாளைத் திருப்பினார். 'சூரி ரூமா' என்று எழுதியிருந்தது.

அத்தான் தாளை அவர் பக்கமே தள்ளினார். "நான் சொன்னத எழுதுங்க," என்றார். இதெல்லாம் ஒரு விஷயமா, வீட்டிலிருக்கும் பெண்களுக்கு இப்படித்தான் எழுதுவது என்றார் அவர். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அத்தான் இரண்டு கையையும் கவுண்டர் மேல் ஊன்றிக்கொண்டு, கவுண்டர்காரர் பேனாவை மறுபடி எடுக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.